கிழங்கில் செதுக்கிய விலாசம்

முயலின் மண்டையோடொன்றைக் கடதாசியில் சுற்றாமல், பெட்டியில் இடாமல், அதன் மூக்கெலும்பின் மேலேயே விலாசத்தை எழுதி, பின்புறத்தில் முத்திரைகளை ஒட்டித் தபாலில் சேர்த்தால் அது உரியவரிடம் போய்ச் சேருமா? லண்டனின் தென்கிழக்கே போரஸ்ட் ஹில் என்ற பகுதியில் வாழ்ந்த ரெஜினோல்ட் பிரெய் எனும் வாலிபர் ஏறத்தாழ 125 வருடங்களுக்கு முன்னர் இதனைச் செய்து பார்த்தார். போய்ச் சேர்ந்தது.

இவரைப் பற்றியும், இவருக்குப் பல்லாண்டுகள் கழித்து 'அஞ்சல் கலை' என்று பெயர் பெற்ற ஒரு போக்கைப் பற்றியும் கவிஞரான நண்பரொருவரிடம் அண்மையில் கூறிக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார். பின்னர், "மாஸ்டர், இது வயிறு நிறைஞ்சவன்ட விளையாட்டு. நமக்கு இதுல என்ன கிடக்கு?" என்றார்.

அப்போது பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே பட்டது. விளையாட்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது யாருடைய கைகளின் மேல் விளையாடப்பட்டது, அந்தக் கைகள் மாறியபோது விளையாட்டு என்னவாயிற்று என்பவையே என்னைத் தொந்தரவு செய்கின்றன. அஞ்சல் கலை பற்றி எழுதுவோர் அனுப்பியவரைப் பார்க்கிறார்கள். அனுப்பப்பட்ட பொருளைப் பார்க்கிறார்கள். கிடைக்கப்பெற்றவரின் முகத்தில் தோன்றிய வியப்பையும் பார்க்கிறார்கள். நடுவில் அதைத் தூக்கிச் சுமந்தவரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நாம் எழுதுகிறவர்கள் என்பதால் முதலில் ஒரு கவிஞரிடமிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே, வாசித்து விளங்கிக்கொள்ளக் கடினமானவர் என்று பெயரெடுத்தவர். அவர் தம் நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பும்போது உறையின் மேல் விலாசத்தை வழமைபோல் எழுதாமல், பெறுநரின் பெயர், வீதி, வீட்டிலக்கம் யாவும் இயைபோடு வந்து விழும் நாலடிச் செய்யுளாக எழுதிவிடுவார். செய்யுளை அவிழ்த்தால்தான் வீடு தெரியும். பாரிஸ் தபாற்காரர்கள் அவிழ்த்தார்கள். கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1894இல் சிகாகோவிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் இச்செய்யுள்கள் சில அச்சாகியும் இருக்கின்றன. இருண்மைக் கவிஞர் என்று பண்டிதர்களே கைவிட்ட ஒருவருக்குத் தவறாமல் வாசகர்களாக வாய்த்தவர்கள் சீருடை அணிந்த அரச ஊழியர்கள் என்பது எனக்குச் சிரிப்பைத் தருகிறது. அவர்களது வாசிப்புக்கு ஒரு பரீட்சையும் இருந்தது. என்னைப் போன்ற ஒருவன் கவிதையைப் பிழையாக விளங்கிக்கொண்டு சஞ்சிகையில் நாலு பக்கம் எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. தபாற்காரர் பிழையாக விளங்கிக்கொண்டால் கடிதம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

பிரெய் கவிஞரல்லர். 1879இல் பிறந்து 1939இல் மறைந்த அவர் தம்மை ஒரு கலைஞராகவும் எண்ணியிருக்கவில்லை. 1898இல் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் வழிகாட்டி நூலை வாங்கி, நம்மில் பலர் திறந்தும் பார்க்காத அந்தச் சட்டதிட்டங்களை வரிவரியாகப் படித்தார். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது, எவ்வளவு நிறை, எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு, அவற்றை ஒன்றும் மீறாமல், அதே சமயம் அவற்றை எழுதியவர் கனவிலும் எண்ணியிராத விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார். தொப்பி, செருப்பு, கடற்பாசி, துணி தூரிகை, சைக்கிள் பம்பு, சட்டைக் கழுத்துப்பட்டி எனப் பலவும் உறையின்றித் தபாலில் சென்றன. டர்னிப் கிழங்கின் தோலில் கத்தியால் விலாசத்தைச் செதுக்கி அனுப்பினார். தம் நாயை அனுப்பினார். ஆளொருவரைத் தூதுச் சேவகருடன் குறித்த விலாசத்துக்கு அழைத்துச் செல்லும் சேவையொன்று திணைக்களத்தில் இருப்பதைக் கண்டு, 1900இல் தம்மையே அனுப்பிக்கொண்டார். போதாதென்று 1903இல் பதிவுத் தபாலிலும் தம்மை அனுப்பினார். தபாற்காரர் அவரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் தகப்பனாரிடம் ஒப்படைக்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

பொருள்களைக் காட்டிலும் அவர் எழுதிய விலாசங்களே எனக்கு மேலானவையாகப் படுகின்றன. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுக் கூட்டத்தில் கடலோரம் தனித்து நிற்கும் உயரமான பாறைத்தூண் ஒன்றின் படம் அச்சிட்ட அட்டையில், இந்தப் பாறைக்கு மிக அருகே வசிப்பவருக்கு என்று மட்டும் எழுதி அனுப்பினார். சாந்தா குளோஸுக்கு அனுப்பினார். லண்டனில் வசிக்கும் எவருக்கேனும் என்று எழுதிய அட்டை மாத்திரம், விலாசம் போதாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இந்த ஒன்றை நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. பாறைக்கு அருகே இருப்பவர் ஒருவர்தான், தேடினால் கிடைப்பார். லண்டனில் எவருக்கேனும் என்றால் யாருக்கும் கொடுக்கலாம். ஆகையால் யாருக்கும் கொடுக்க முடியாது. பொதுவாக எல்லோருக்கும் என்று எழுதப்படும் நமது கவிதைகளில் அநேகமானவை ஏன் எவரையும் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கலாசாலையில் படித்த இலக்கியத் திறனாய்வுப் புத்தகங்களில் காணவில்லை.

ஜோன் டிங்கி என்ற முத்திரை சேகரிப்பாளர் 2010இல் பிரெய் பற்றி ஒரு முழு நூலை எழுதி வெளியிட்ட பின்னர்தான் இந்த மனிதர் பரவலாக அறியப்பட்டார். அதற்குப் பின் வந்த குறிப்புகளில் அவரை அஞ்சல் கலையின் பாட்டனார் என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அவரது சிரிப்பு எங்கே நின்றுகொண்டு சிரித்த சிரிப்பு என்பதையும் கேட்க வேண்டும். அவர் வழிகாட்டி நூலை வாங்கிய அதே 1898ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான் பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதிக்கு ஒரு பென்னி முத்திரையில் கடிதம் அனுப்பும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகின் எந்த மூலைக்கும் தன் கடிதம் போகும், போனால் பிரிக்கப்படாது, சேராவிட்டால் மன்னிப்போடு திரும்பி வரும் என்ற நம்பிக்கை அக்காலத்து லண்டன் வாலிபர் ஒருவருக்குக் காற்றைப் போல இலவசமாகக் கிடைத்தது. தபாற்கந்தோரைச் சோதிக்கும் துணிவு, அது தன்னைச் சோதிக்காது என்ற உறுதியிலிருந்து வருவது. எனது நண்பர் வயிறு நிறைந்தவனின் விளையாட்டு என்று சொன்னது பிரெய்யைப் பொறுத்தவரை ஏறக்குறையச் சரிதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் பிரெய் பிரபலங்களுக்கு எழுதிக் கையொப்பம் சேர்ப்பதில் இறங்கிவிட்டார். 15,000 கையொப்பங்கள் சேர்த்ததாகத் தாமே சொல்லிக்கொண்டார். கையொப்ப மன்னர் என்றும் அழைத்துக்கொண்டார். பாறைக்கு அருகே யாரோ ஒருவரைத் தேடிய மனிதர், ஊரறிந்த பெயர்களை எண்ணிக் கட்டிவைப்பவராக மாறியது எனக்கு இறக்கமாகவே தெரிகிறது. அந்த அத்தியாயத்தை நான் அவசரமாகப் புரட்டிவிடுவேன்.

அவர் பதிவுத் தபாலில் போய் ஆறு வருடங்களுக்குள், அதே லண்டனில், அதே சேவையை வேறு இருவர் பயன்படுத்தினார்கள். 1909 பெப்ரவரி 23ஆம் திகதி, பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்த எல்ஸ்பெத் மெக்லெலண்ட், டெய்ஸி சொலமன் ஆகிய இரு பெண்கள் தபாற்கந்தோருக்குப் போய், மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தி, தம்மைப் பிரதமர் அஸ்குயித்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டனர். பிரதமர் அவர்களது தூதுக்குழுவைச் சந்திக்க மறுத்துவந்த காலம் அது. நேரே போனால் பொலிஸார் தடுப்பார்கள். கடிதமாகப் போனால்? கடிதத்தைத் தடுக்கப் பொலிஸுக்கு அதிகாரமில்லையே. தூதுச் சிறுவன் ஒருவன் இருவரையும் டவுனிங் வீதி 10ஆம் இலக்க வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். உள்ளிருந்து வந்த அதிகாரி ஏற்க மறுத்தார். பெறுநர் இல்லாத கடிதங்களைத் தபாற்காரர்கள் செத்த கடிதம் என்பார்களே, அந்தச் சொல்லையே அவர்கள்மீது பிரயோகித்துத் திருப்பியனுப்பினார். சிறுவனிடம் ஒரு படிவம் இருந்தது. ஒப்படைத்ததற்குப் பெறுநரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்தும் கிடைக்கவில்லை.

பிரெய் செய்ததையும் இவர்கள் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செயலில் வித்தியாசம் ஏதுமில்லை. அதே நகரம், அதே சட்டப் பிரிவு, அதே சேவகர். ஆனால் முன்னவருக்குக் கதவு திறந்தது. தகப்பனார் சிரித்துக்கொண்டே பெற்றுக்கொண்டார். பின்னவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. முன்னதை வேடிக்கை என்றும் பின்னதை அரசியல் என்றும் பிரித்துக் கலை விமர்சனம் முன்னதை மட்டும் தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தபால் விளையாட்டின் முழு அர்த்தமும் வெளிப்பட்டது டவுனிங் வீதியில்தான். யாருடைய கடிதமும் சேர்க்கப்படும் என்று ஓர் அரசு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கு யார் யாருக்குப் பொருந்தும் என்பதை அந்த இரு பெண்களும் மூன்று பென்ஸ் செலவில் ஊருக்குக் காட்டிவிட்டார்கள்.

அஞ்சல் கலை என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் பொதுவாக அமெரிக்கரான ரே ஜோன்சனிடம் காட்டப்படுகிறது. 1927இல் பிறந்த இவர், 1950களிலிருந்து சிறு ஒட்டுப் படங்கள், வெட்டுத் துண்டுகள், முயல் தலைக் கோட்டோவியங்கள் என்பவற்றைத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் அனுப்பத் தொடங்கினார். ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்றோ, இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள் என்றோ அதில் ஒரு குறிப்பு இருக்கும். 1960களில் இந்த வலைப்பின்னலுக்கு நியூயோர்க் கடிதப் போக்குவரத்துப் பள்ளி என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து என்ற சொல்லின் ஓரெழுத்தை வேண்டுமென்றே மாற்றி, நடனம் என்ற சொல் அதன் வாலில் தொங்கும்படி எழுதினார்கள். நம் சிலேடைப் புலவர்கள் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள். 1970இல் நியூயோர்க்கின் விட்னி அரும்பொருட்காட்சியகம் அவருக்கு ஒரு கண்காட்சி ஒழுங்கு செய்தபோது, மற்றவர்கள் அனுப்பியவற்றைச் சுவரில் மாட்டச் செய்தார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும்.

ஆயினும் ஜோன்சனின் பொதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு களைப்பு வருகிறது. கலையுலகப் பெயர்கள், கலையுலகக் கிசுகிசு, உள்வட்டத்தினருக்கு மட்டும் விளங்கும் பகிடிகள். தெரியாதவருக்கு அனுப்பினாலும் அது தெரிந்தவர்களின் பேச்சாகவே இருக்கிறது. நமது சிறு சஞ்சிகை வட்டங்களுக்கும் இந்த நோய் உண்டு என்பதால் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். 1995 ஜனவரி 13ஆம் திகதி அவர் பாலமொன்றிலிருந்து கடல்நீரில் குதித்து உயிரை விட்டார். அதையும் அவரது கடைசிப் படைப்பென்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதரின் மரணத்தை அப்படி வாசிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நியூயோர்க்கில் குடியேறிய ஜப்பானியரான ஓன் கவாரா வேறு வகை. 1968 முதல் 1979 வரை அவர் தினமும் இரண்டு படத் தபாலட்டைகளை இரண்டு பேருக்கு அனுப்பினார். அதில் சுகம் விசாரிப்பு இல்லை, செய்தி இல்லை. திகதி, பெயர், தங்கியிருந்த இடத்தின் விலாசம், அன்று எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற ஒரு வரி. எல்லாமே றப்பர் முத்திரையால் குத்தப்பட்டவை. எழுந்த நேரம் சில நாட்களில் நண்பகலையும் தாண்டியிருக்கிறது. ஸுபஹுக்குத் தட்டியெழுப்பப்பட்டு வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. 1979இல் ஸ்டொக்ஹோமில் அந்த முத்திரைகள் களவு போனதோடு அட்டைத் தொடர் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் 1970இலிருந்து நண்பர்களுக்குத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பது மட்டுமே அவற்றின் வாசகம்.

எங்கள் கிராமங்களில் தந்தி என்றால் மௌத்துச் செய்தி. தபாற்கந்தோர் சைக்கிள் நேரங்கெட்ட நேரத்தில் ஒழுங்கைக்குள் திரும்பினால், உறையைப் பிரிக்கும் முன்னரே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள் என்று உம்மா சொல்லுவார். அந்தப் பயம் உலகில் எங்கும் ஒன்றுதான் போலும். கவாரா அந்தப் பயத்தை அப்படியே எடுத்து உள்ளே ஒரு நல்ல செய்தியை வைத்துவிட்டார். ஆனால் அந்த நல்ல செய்தியும் முழுக்க நல்லதல்ல. தந்தி கையில் கிடைக்கும்போது அதை அடித்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு உத்தரவாதமில்லை. அடித்த கணத்தில் இருந்தார், அவ்வளவுதான். காணாமற்போனவர்களின் கடைசிக் கடிதத்தை இன்னும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் உள்ள நாட்டில் இருந்துகொண்டு இந்த வேலையைக் குளிர்ந்த மூளை விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியாது. அஞ்சல் கலைஞர்களுள் என் அளவில் கவாராவுக்கே முதலிடம். அவர் 2014இல் காலமானார்.

இதுவரை சொன்னவர்களெல்லாம் தபாற்கந்தோரை நம்பியவர்கள், அல்லது நம்ப இடமிருந்தவர்கள். தபாற்கந்தோரே கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் நாட்டில் இந்த விளையாட்டு என்னவாகும்?

உருகுவேயில் கிளெமென்டே பாடின் என்ற கவிஞர் இருந்தார். 1974இல் மொன்டிவிடியோவில் படைப்புத் தபாலட்டைகளுக்கென ஒரு கண்காட்சியை ஒழுங்கு செய்தவர். லத்தீன் அமெரிக்காவின் முதல் அஞ்சல் கலைக் கண்காட்சி என்று அதைச் சொல்வார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னர், 1973இல், அங்கே இராணுவ ஆதரவோடு சர்வாதிகாரம் ஏற்பட்டிருந்தது. முத்திரை போலவே தோற்றமளிக்கும் போலி முத்திரைகள், றப்பர் முத்திரை வாசகங்கள், ஒட்டுப் படங்கள் இவைதான் அஞ்சல் கலைஞர்களின் வழமையான கருவிகள். நியூயோர்க்கில் இவை பகிடி. மொன்டிவிடியோவில் 1977 ஓகஸ்டில் பாடினும் அவரது சக கலைஞர் ஜோர்ஜே கரபாயோவும் கைதுசெய்யப்பட்டனர். ஆயுதப் படைகளின் மாண்பை இழிவுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. பாடின் இரண்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். பல நாடுகளிலுமிருந்த அஞ்சல் கலைஞர்கள், ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள், கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். 1979இல் அவர் வெளியே வந்தார்.

பாடினைப் படிக்கும்போது நம் வாசகர்கள் எவருக்கும் ஒரு பெயர் தானாகவே ஞாபகத்துக்கு வரும். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமது கவிதைத் தொகுதியை முன்வைத்து 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அடங்கிய தொகுதி அது. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை. சர்வதேச எழுத்தாளர் அமைப்புகள் அவருக்காகக் குரல் கொடுத்தன. இங்கே நம் வட்டத்தில் எத்தனை பேர் அந்த முதல் மாதங்களில் ஒரு வரியாவது எழுதினோம் என்று கேட்டால் நான் உட்பட அநேகர் தலைகுனியத்தான் வேண்டும். பயந்திருந்தோம், அது உண்மை. பாடினுக்குக் கடிதம் எழுதியவர்கள் தூரத்தில், பத்திரமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. என்றாலும் அவர்கள் அறிந்திருந்தது அவரது முத்திரை குத்திய அட்டைகளை மட்டுமே. ஒரு பகிடி அட்டையைப் பெற்றுக்கொண்டவன் அதை அனுப்பியவனுக்கு ஏதோ கடன்பட்டிருக்கிறான் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அஞ்சல் கலை விளையாட்டென்று ஆரம்பித்து எங்கே போய் நின்றது என்று நண்பர் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சிலியின் எயுஹெனியோ டிட்போர்ன் செய்தது இன்னும் நிதானமான காரியம். பினோச்செயின் ஆட்சியில், 1983 முதற்கொண்டு, அவர் பெரிய ஓவியங்களை மடித்து உறையிலிட்டு வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு விமானத் தபாலில் அனுப்பினார். பெரிய சட்டகத்தில் போகும் ஓவியத்துக்குச் சுங்கம், காப்புறுதி, அனுமதி என்று நூறு கேள்வி. மடித்த உறைக்கு முத்திரை போதும். போய்ச் சேர்ந்ததும் விரித்து மாட்டுவார்கள். பக்கத்தில் வந்த உறைகளையும் மாட்டுவார்கள். மடிப்புக் கோடுகளை அவர் மறைக்கவில்லை. காணாமலாக்கப்பட்டோர், குற்றவாளிகள், பூர்வீகக் குடிகள் ஆகியோரின் பழைய முகப்படங்கள் அந்த மடிப்புகளுக்கு நடுவே அச்சாகியிருக்கும். ஊருக்கு ஊர் போகப்போக மடிப்புகள் அழுத்தமாகிக்கொண்டே வரும். கண்காட்சிச் சுவரில் தொங்கும்போதும் பயணக் களைப்பு தெரியும் ஓவியங்கள் அவை. கண்ணாடிப் பேழைக்குள் போனதும் செத்துவிடும் அஞ்சல் கலைப் பொருள்களே அதிகம், இவை சாகவில்லை.

மறுபடியும் சுமப்பவரிடம் வருகிறேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் விஞ்ஞானப் பகிடிகளுக்கென வெளிவரும் ஒரு சஞ்சிகையில் தபால் பரிசோதனை ஒன்று பிரசுரமானது. செங்கல், தேங்காய், பல், ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகை, ஊசிப்போன மீன் முதலான 28 பொருள்களை அனுப்பி, 18 வந்து சேர்ந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். நாற்றமடிக்கும் பொதியைப் பற்றித் தபாற் கந்தோர் ஊழியர்கள் கடிந்துகொண்டதையும் நகைச்சுவையாக எழுதியிருந்தார்கள். பிரெய்யின் பேரப்பிள்ளைகள்தாம். ஆனால் பிரெய்யிடம் இருந்த ஒரு மரியாதை இங்கில்லை. அவர் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார். இவர்கள் மற்றவரின் மூக்கைச் சோதித்தார்கள். இது வந்து ஒரு வருடம் கழித்து, 2001 செப்டெம்பர், ஒக்டோபரில், அந்த்ராக்ஸ் கிருமித் தூள் இட்ட கடிதங்கள் அதே நாட்டில் தபாலில் போடப்பட்டன. ஐந்து பேர் இறந்தனர். அவர்களுள் தோமஸ் மொறிஸ், ஜோசப் கர்சீன் ஆகிய இருவரும் வாஷிங்டனின் பிரென்ட்வூட் தபால் நிலையத்தில் வேலை செய்தவர்கள். கடிதங்கள் அவர்களுக்கு எழுதப்பட்டவையல்ல. விலாசத்தில் இருந்தவர்கள் செனட்டர்கள்.

வினோதப் பொதியைக் கண்டு புன்னகைக்கும் தபாற்காரர் அதன்பின் எந்த நாட்டிலும் முன்போல் இருக்க முடியாது. இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கும் உரிமை இல்லை. நம் நாட்டில் பொதியைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் அதற்கும் வெகு முந்தியது. யுத்த காலத்தில் ஒரு பொதியோடு வரிசையில் நின்றவர்களுக்கும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பையோடு பஸ்ஸில் ஏறிய நம்மவர்களுக்கும் இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்தக் கலையை இங்கு அப்படியே இறக்குமதி செய்யலாமே என்று ஆர்வத்தோடு எழுதும் இளையவர்களைக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. மொன்டிவிடியோவின் பாதையிலா, போரஸ்ட் ஹில்லின் பாதையிலா நாம் நிற்கிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறுங்கள் என்று சொல்லும் நானே ஒருமுறை பொறுக்கவில்லை. பிரெய்யைப் பற்றி வாசித்த சூட்டில், தமிழில் கடிதத்துக்கே ஓலை என்றுதானே பெயர் என்ற நினைப்பில், பனையோலை நறுக்கொன்றில் எழுத்தாணிக்குப் பதில் ஆணியால் கீறி, நண்பரின் விலாசத்தை எழுதி, முத்திரையும் ஒட்டி உப தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். ஆம், முன்னர் சொன்ன அதே நண்பர்தான். தபாலதிபர் அம்மணி அதை இரு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "சேர், இதுக்கு மேல சீல் குத்தினா ஓலை பிளந்திரும். பேக்குக்குள்ள மற்றக் காகிதத்தோட கிடந்து நொறுங்கியும் போயிரும். எழுதினது வீணாப் போகுமே" என்றார். பிறகு லாச்சியைத் திறந்து நீள உறையொன்றை எடுத்து, ஓலையை உள்ளே வைத்து, முத்திரையைச் சேதமின்றி உரித்து உறையில் ஒட்டி, விலாசத்தைத் தன் கையெழுத்திலேயே அழகாக எழுதினார். உறைக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

விளையாட்டு அத்தோடு பிழைத்துப்போயிற்று. மூன்றாம் நாள் நண்பருக்குச் சாதாரணக் கடிதமாகவே போய்ச் சேர்ந்தது. உறையைப் பிரித்து ஓலையைப் பார்த்தவர் தொலைபேசியில் அழைத்து, ஓலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "மாஸ்டர், விலாசம் யார்ட கையெழுத்து? நல்ல வடிவா இருக்கு" என்று கேட்டார்.